புளியமரத்தடியில் ஒரு செமினார்

எங்கள் யாழ்ப்பாணக் கல்லூரியின் அதிபர் அம்மா முதலில் மேசையை வாங்கினார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிறகுதான் யோசித்தார். ஒன்பது பேர் சுற்றி உட்காரக்கூடிய முதிரை மரத்து மேசை. பட்டப் படிப்பு மாணவிகளைக் கலை, விஞ்ஞானம், பொருளியல் என்று பிரித்து வைக்காமல் ஒன்றாக உட்காரவைத்து செமினார் நடத்தப்போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. செமினாரைக் கண்ணால் கண்டவள் கல்லூரியிலேயே நான் ஒருத்திதான். "நீ பெங்களூரில் படித்தவள்தானே, போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வா, பொருளியலுக்கு ஓர் ஆசிரியையையும் பிடித்துக்கொண்டு வா" என்று சொல்லி, பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்ட நியமனக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த இடத்தில் எழுத வேண்டிய பெயர் கப்பல் ஏறும் முன்பே எனக்குத் தெரியும். சரோஜா. சூளகிரிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். பெங்களூர்க் கல்லூரியில் மூன்று வருடம் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள். நான் தாவரவியல், அவள் பொருளியல். எங்களைப் போல எட்டுப் பேரைப் பொறுக்கியெடுத்து வாரம் ஒரு நாள் மேசையைச் சுற்றி உட்காரவைத்தவர் ஒரு வங்காளிப் பேராசிரியை. அவர் பாடம் நடத்தவே மாட்டார். ஒருத்தி கட்டுரை படிப்பாள். மற்ற ஒவ்வொருத்தியும் கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கடைசியில், கட்டுரை படித்தவள் தனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியை எல்லோர் முன்னும் வைக்க வேண்டும். அதற்கு அன்றைக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. அடுத்த கூட்டத்தில்தான்.

எங்கள் கடைசிக் கூட்டத்தில் கட்டுரை படித்தவள் சரோஜா. அவள் ஊரில் நிலத்துக்குள் குழி வெட்டி ராகியைக் கொட்டி, வைக்கோல் போட்டு மூடி, வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அந்தக் குழிதான் கட்டுரை. பஞ்சத்துக்கு அது எப்படிக் காவல் என்றும், உள்ளே காற்று எப்படிக் கெடுகிறது என்றும், குழி திறக்கும்போது பெண்கள் என்ன பாடுகிறார்கள் என்றும் மூன்று துறையையும் ஒரே குழியில் இறக்கிவிட்டாள். கடைசிக் கேள்வியாக, "பத்து வருசம் குழியில இருந்த ராகியை விதைச்சா முளைக்குமா?" என்று கேட்டு என்னைப் பார்த்தாள். தாவரவியல்காரி நான்தானே. பரீட்சை வந்தது, பட்டம் வந்தது, அவளுக்குக் கல்யாணமும் வந்தது. அடுத்த கூட்டம் வரவில்லை. மூன்று வருடம் கடிதம் எழுதினாள், பிறகு அதுவும் நின்றுபோனது. நாங்கள் பிரிந்து இதோடு ஆறு வருடம். புது ஆட்களோடு உட்காரும்போதெல்லாம் என் கண் எதிர் நாற்காலிக்குத்தான் போகும். அங்கே யார் இருந்தாலும் எனக்குக் கோபம் வரும்.

பெங்களூரில் நான்கு நாள் செமினார் பார்த்தேன். வங்காளி அம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மேசை அதே மேசை. அதைச் சுற்றி மாணவிகள் உட்கார்ந்திருக்க, ஒருவர் எழுந்து நின்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். இயற்பியல்காரர்கள் கொஞ்சம் பரவாயில்லை, சண்டை போட்டார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது நெய் மணக்கும் தோசை மட்டும்தான். ஐந்தாம் நாள் ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் கன்னடத்தில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "இத்தனை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகிறாளே, வீட்டில் யாரும் இல்லையா?" என்றாள் ஒருத்தி. "இருந்திருந்தால் புத்தகம் எதற்கு?" என்றாள் மற்றவள். எனக்குக் கன்னடம் புரியும் என்று திரும்பிச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மைசூர்ப் பக்கம் மது உண்டு, இந்தப் பக்கம் மதுவிலக்கு. ஆகவே ஒவ்வொரு பையையும் போலீஸ்காரர் முகர்ந்து பார்ப்பார். சரோஜாவுக்காக நான் கொண்டுவந்த பனாட்டுப் பொட்டலம் அவர் கையில் மாட்டியது. பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்துச் செய்கிற தின்பண்டம் இது, பயப்பிடாதையுங்கோ என்றேன். "பனைன்னா கள்ளுதானம்மா?" என்றார். ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக் காட்டினேன். பஸ் முழுக்க எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவரும் ஒரு துண்டு தின்றார், கண்டக்டரும் தின்றார். ஓசூர் வருவதற்குள் பொட்டலம் பாதியாகிவிட்டது.

அந்தக் கண்டக்டரை நான் மறக்க மாட்டேன். டிக்கெட் கேட்பது கன்னடத்தில், சில்லறை இல்லை என்று திட்டுவது தெலுங்கில், சமாதானம் செய்வது தமிழில். ஓசூர் தாண்டியதும் வண்டி கொதித்து நின்றது. எல்லோரும் இறங்கி வயல் கிணற்றில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினோம். கார்த்திகை மாதம், பட்டப்பகலிலேயே குளிர். யாழ்ப்பாணத்தில் நாங்கள் குளிர் என்று சொல்வது எதை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சூளகிரியில் இறங்கிச் சந்தையில் விசாரித்தேன். கொத்தமல்லிக் கட்டு விற்றுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிய ஒருவர், "பி.ஏ. படிச்ச சரோஜம்மாவா? ஏறும்மா" என்றார். இரண்டு மைல். பாறையும் ராகிக் கொல்லையுமாக வழி. அறுப்புக்கு இன்னும் பத்து நாள் என்றார்.

சரோஜா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைக்கவில்லை. மாடு குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "எளைச்சுட்டியே" என்றாள். அவ்வளவுதான். ஆறு வருடமாக நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த சந்திப்பு இப்படி இல்லை.

வீட்டில் மூன்றே பேர். அவள், அவள் கணவர் வெங்கடப்பா, மாமியார் எல்லம்மா. தங்களுக்குள் தெலுங்கு, என்னோடு தமிழ். வெங்கடப்பா உயரமான மனிதர். "வாங்க டீச்சரம்மா" என்றவர், அதற்கப்புறம் சாப்பாடு முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லம்மா களியை உருட்டித் தட்டில் வைத்து நடுவில் குழி செய்து அவரைக்காய்ச் சாறு ஊற்றினாள். மெல்லாமல் விழுங்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தம்மா பேசறதே பாட்டு மாதிரி இருக்குது. திங்கத்தான் தெரியல" என்றாள்.

மறுநாள் காலையில் பழைய குழி ஒன்றைத் திறந்தார்கள். கட்டுரையில் கேட்டதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கல்லை நகர்த்தி வைக்கோலை விலக்கியதும் யாரும் உள்ளே இறங்கவில்லை. கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி இறக்கினார்கள். அது அணைந்தது. உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி இறக்கினார்கள், அணைந்தது. மூன்றாம் தடவை எரிந்தது. அதன் பிறகுதான் வெங்கடப்பா இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். சரோஜா குழி விளிம்பில் முழங்காலிட்டு அவர் தலை மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வந்த ராகி புளித்த வாடை அடித்தது. அதைப் புடைக்கும்போது நியமனக் கடிதத்தை எடுத்து அவளிடம் காட்டினேன்.

"பேர் எழுதலியே" என்றாள்.

"நீதான் எழுத வேணும். நாளையிண்டைக்கு நான் வெளிக்கிடுறன். பதிலோடைதான் போக வேணும், இல்லாட்டி வேற ஆளை எடுத்துப்போடுவினம். ஏன்டி காயிதம் எழுதேல்லை?"

அவள் முறத்தை நிறுத்தினாள். "உன் காயிதம் வந்தா நாலு நாளு எனக்கு வேலை ஓடாது. அடுப்புல வெச்சது தீஞ்சு போவும். அந்த மேசை, அந்த ஜன்னல், நீ கேக்கற குறுக்குக் கேள்வி, எல்லாம் வந்து உக்காந்துக்கும். இங்க கேள்வி கேக்க ஆளில்ல, கேட்டா பதில் சொல்லவும் ஆளில்ல. அதான் நிறுத்திட்டேன். உம்மேல கோவமில்ல."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கடிதத்தைத் திருப்பியும் தரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எல்லம்மா விடுவாளா? "என்னா வேலை அது? நாற்காலில உக்காந்து பேசறதுக்கு ஒரு வேலையா? எங்க ஊர்ல அல்லாரும் சும்மாவே பேசறாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளைக்கு இங்கேயே ஒரு செமினார் நடத்திக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ என்றேன். வாய் மட்டும் எனக்குக் காவலில்லாமல் போய்விட்டது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம். களத்து மேட்டில் பெரிய புளியமரம். அதன் கீழே இரண்டு கயிற்றுக் கட்டிலையும் ஒரு உரலையும் வட்டமாகப் போட்டேன். என்னைப் பார்க்க வந்த ஊர்ப் பெரியதனக்காரர் மாரப்பாவை ஒரு கட்டிலில் உட்காரவைத்தேன். எல்லம்மா உரல்மேல். சரோஜா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய கட்டுரையை எடுத்து வந்தாள். அதை வைத்திருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மேசைக்குப் பதில் நடுவில் என்ன வைப்பது? எங்கள் ஊரில் சபை என்றால் வெற்றிலைத் தட்டம் வைத்து வரவேற்பது வழக்கம். வெற்றிலையும் பாக்கும் ஒரு தட்டில் வைத்து நடுவில் வைத்தேன்.

மாரப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார். முகம் மாறியது. மெல்ல எழுந்து, செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஒரு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். களத்தில் வேலையாக இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். யாரோ கொல்லைப் பக்கம் ஓடினார்கள். என்னடா இது, செமினாருக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை.

சற்று நேரத்தில் வெங்கடப்பா வந்தார். காலெல்லாம் சேறு. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வட்டத்துக்கு வெளியே நின்றார். உட்காருங்கோ என்றேன். உட்காரவில்லை.

"உம் பக்கம் என்னாப்பா?" என்று மாரப்பா அவரைக் கேட்டார்.

"எம் பக்கம் ஒண்ணுமில்லீங்க" என்றார் வெங்கடப்பா. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தம்மா எடுத்தாந்த காயிதம் என்னான்னு எனக்குத் தெரியும். இவ இங்க கஷ்டப்படறா. சோத்துக்கு கஷ்டமில்லீங்க, அது வேற கஷ்டம். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே இங்கிலீஸ்ல பேசுவா. நான் வந்தா நிறுத்திக்குவா. என்னா பேசறேன்னு கேக்கணும்னு தோணும். படிச்சவ, கேட்டா சிரிப்பாளோன்னு வெக்கமா இருக்கும். கேக்காமலே ஆறு வருசம் போயிடுச்சி. போவணும்னா போவட்டும். தீத்துவுடுங்கன்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் புளியமரத்தடியில் ஆட்களை வட்டமாக உட்காரவைத்து நடுவில் வெற்றிலைத் தட்டு வைத்தால், அந்த ஊரில் அது பஞ்சாயத்து. கையில் காகிதத்தோடு ஒரு பெண் நின்றால், அது புருஷனைத் தீர்த்துக்கொள்ள வந்த பஞ்சாயத்து. தோழியைக் கூட்டிப்போக வந்த நான் ஊரைக் கூட்டி அவள் குடும்பத்தைப் பிரிக்க உட்கார்ந்திருக்கிறேன். என் காது சுட்டது. எழுந்து தட்டை எடுக்கப்போனேன்.

மாரப்பா கையை நீட்டித் தடுத்தார். "வெச்ச பாக்கை எடுக்கக் கூடாதும்மா. பேசி முடிச்சாத்தான் எந்திரிக்கணும். அவுங்கவுங்க மனசுல இருக்கிறதைச் சொல்லாம எந்திரிச்சா ஊருக்கு ஆவாது."

நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். செமினார் என்றால் இன்னது, ஒருத்தி படிப்பாள், எல்லோரும் கேட்க வேண்டும் என்று. மாரப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தானே நாங்களும் செய்றோம். படிக்கச் சொல்லு" என்றார். சரோஜா என்னைப் பார்க்கவில்லை. வெங்கடப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உக்காருங்க" என்றாள் அவரிடம். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, உடனே தெலுங்கில், எனக்காகத் தமிழில். கேட்டுக் கேட்டு என் மனம் அந்தப் பழைய ஜன்னலுக்கே போய்விட்டது. அதே குரல், பக்கம் திருப்பும்போது அதே மாதிரி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது. இவளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

எல்லம்மா முதலில் குறுக்கிட்டாள். "வைக்கோலை நாலு மடிப்புன்னா எழுதி வெச்சிருக்கே? ஆறு மடிப்புடி. நாலுன்னா எறும்பு பூந்துடும்." சரோஜா பென்சில் கேட்டாள். நான் கொடுத்தேன். நாலை அடித்து ஆறு என்று எழுதினாள். மாரப்பா, விளக்கு அணைகிற கணக்கைக் கேட்டார். காற்றுக்குள் இருக்கும் இன்னொரு காற்றைப் பற்றி அவள் சொன்னதை, நேற்று வெங்கடப்பாவின் குழியில் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் பேராசிரியை கேட்ட எந்தக் கேள்விக்கும் அது சளைத்ததில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தாள். பத்து வருடம் குழியில் இருந்த ராகியை விதைத்தால் முளைக்குமா? "இதுக்குப் பதில் இவ சொல்லணும், அடுத்த கூட்டத்துல" என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்னத்தைச் சொல்ல? குழி ராகி கையில் கிடைத்ததே நேற்றுத்தான். ஈரத் துணியில் கட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்து...

"அதுக்கு எதுக்குங்க துணி" என்றார் வெங்கடப்பா. "குழி ராகி முளைக்காது. திங்கறதுக்குத்தான் ஆவும். விதை ராகியைக் குழியில போடவே மாட்டோம், தனியா பானையில கட்டி மேல வெச்சிருப்போம்."

சரோஜா காகிதத்தை இறக்கினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அல்லாருக்கும் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு பேர் பார்க்க, ஆறு வருடத்தில் அன்றுதான் அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன். அவர் துண்டை அவிழ்த்துக் கொடுக்கலாமா என்று யோசித்து, அது சேறாக இருந்ததால் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாரப்பா பாக்கைத் தட்டில் திருப்பி வைத்தார். பஞ்சாயத்து முடிந்தது என்று அர்த்தமாம்.

மறுநாள் காலை சூளகிரியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வெங்கடப்பாதான் வண்டி ஓட்டி வந்தார். சரோஜா இடுப்பிலிருந்து நியமனக் கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். பெயர் எழுதவில்லை.

"நேத்து ஒரு கேள்விக்கு வீட்டுலயே பதில் இருந்துச்சி" என்றாள். "இன்னும் எத்தனை இருக்குதுன்னு பாக்கணும். உங்கூட வரணும்னு இப்பவும் ஆசையாத்தான் இருக்குது. பொய் சொல்ல மாட்டேன். காயிதம் எழுது. இனிமே அடுப்புல வெச்சது தீஞ்சா தீயட்டும்."

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அவளுக்கு நல்லது என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் நான் கடல் தாண்டி வந்தது அவளைக் கூட்டிப்போக. வெறுங்கையோடு பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை.

வெங்கடப்பா ஜன்னலுக்கு அருகே வந்தார். ஏதோ சொல்ல வந்து, மாட்டைத் திரும்பிப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். "நேத்து அல்லாரும் ஒண்ணொண்ணு கேட்டாங்க. நான்தான் கேக்கல" என்றார்.

"கேளுங்கோ அண்ணை."

"உங்க ஊர்ல ராகி விளையுமா?"

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவளுக்குப் பதில் தெரியும். படிக்கும் காலத்தில் நாங்கள் இதற்காகவே சண்டை போட்டிருக்கிறோம், ராகி என்பாள் அவள், குரக்கன் என்பேன் நான். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக அவரைப் போலவே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சொல்லக் கூடாது" என்றேன். "அடுத்த கூட்டத்திலைதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "செரி. அப்ப கேட்டுக்கறேன்" என்றார். பஸ் கிளம்பியது.

பொருளியலுக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். கெட்டிக்காரி. அவள்மேல் கோபப்பட எனக்குக் காரணம் எதுவும் இல்லை, இருந்தும் அவளை எதிர் நாற்காலியில் உட்காரவிடாமல் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன். எங்கள் மேசை நடுவில் இப்போது ஒரு வெற்றிலைத் தட்டம் இருக்கிறது. மாணவிகளுக்கு ஏன் என்று தெரியாது. மாதம் இரண்டு கடிதம் சூளகிரிக்குப் போகிறது, இரண்டு வருகிறது. அவர் கேட்டது, அவள் சொன்னது, அவள் கேட்டது, அவர் சொன்னது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாள். நானும் மழை, மாணவிகள், பனாட்டு விலை என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் இரண்டு பரப்பு நிலத்தில் குரக்கன் கதிர் விட்டு நிற்கிறது. அதை மட்டும் எழுதவில்லை.